சுழல்வதா, சும்மா இருப்பதா?

என் அக்காள் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். 2024-ஆம் ஆண்டு தீபாவளி போனஸ் கைக்கு வந்த மறுநாள் அவளிடமிருந்து எனக்கு 12,000 ரூபாய் வந்தது. கூடவே இரண்டு வரியில் ஒரு செய்தியும் வந்தது: "கம்ப்யூட்டர் மெதுவாக இருக்கிறது என்று எப்போது பார்த்தாலும் புலம்புகிறாயே, வேகமானதாகப் பார்த்து வாங்கிப் போடு. அடிக்கடி செலவு வைக்காதே."

முதல் வரி வேகத்தைப் பற்றியது. இரண்டாவது வரி ஆயுளைப் பற்றியது. இந்த இரண்டும் ஒரே கடையில், ஒரே பொருளில், 12,000 ரூபாய்க்குள் கிடைக்குமா என்ற விசாரத்தில் நான் பட்ட பாட்டைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். சங்க மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று கேட்ட நண்பர் ஒரு சிறுகதையை எதிர்பார்த்திருப்பார். பௌதிகம் படிக்கிறவனிடம் கேட்டால் இதுதான் கிடைக்கும்.

அப்போது நான் இங்கே எம்.எஸ்ஸி. இறுதி ஆண்டில் இருந்தேன். என் கம்ப்யூட்டர் கடையில் வாங்கியதன்று. விடுதியை விட்டுப் போனவர்கள் விட்டுப் போன உறுப்புக்களைக் கொண்டு கட்டியது. அதில் 500 ஜிபி ஹார்ட் டிஸ்க் ஒன்று நிமிஷத்துக்கு 7,200 தடவை சுழன்றுகொண்டிருந்தது. காலையில் பொத்தானை அமுக்கிவிட்டு, குளித்து, வேட்டியைக் காயப்போட்டுவிட்டு வந்தால் யந்திரம் அப்போதுதான் கண் விழிக்கும். அதைப் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாமற் போனது என் ஆராய்ச்சி வேலையில்தான். முப்பரிமாண ஐசிங் மாதிரி என்று ஒன்று உண்டு. காந்தத்தைச் சூடேற்றிக்கொண்டே போனால் எந்தக் கட்டத்தில் அது காந்தத் தன்மையை இழக்கிறது என்று கணக்கிடும் சமாச்சாரம். இரு பரிமாணத்துக்கு 1944-லேயே லார்ஸ் ஆன்சாகர் விடை கண்டுவிட்டார். மூன்று பரிமாணத்துக்குத் துல்லியமான சூத்திரம் இன்றுவரை யாருக்கும் அகப்படவில்லை. ஆகவே என்னைப் போன்றவர்கள் கம்ப்யூட்டரை ஓடவிட்டு எண்களைக் குவிக்கிறோம். என் விஷயத்தில் அவை சுமார் 40,000 சின்னஞ்சிறு கோப்புக்களாகக் குவிந்தன. அத்தனையையும் ஒரு முறை படிக்கச் சொன்னால் டிஸ்க் கரகரவென்று முனகும். நான் டீக்கடைக்குப் போய்விடுவேன்.

எங்கள் விடுதியில் தூத்துக்குடி அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். ரசாயனத்தில் ஆராய்ச்சி செய்வதாகப் பேர். உண்மையான ஆராய்ச்சி எல்லாம் கம்ப்யூட்டர் கட்டுவதில்தான். ஒரு பக்கம் கண்ணாடி வைத்த பெட்டி, உள்ளே நவராத்திரிக் கொலுவைப் போல வர்ண விளக்குகள். அவரிடம் யோசனை கேட்கப் போனேன்.

"தம்பி, வட்டு என்றால் சுழல வேண்டும். சுழலாதது வட்டா?" என்றார் அண்ணாச்சி.

"வடைகூட வட்டந்தானே, அண்ணாச்சி? அது சுழல்கிறதா?" என்றேன்.

அவருக்குக் கோபம் வரவில்லை. பெட்டியைத் திறந்து, தாம் பழைய சாமான் கடையில் தேடிப் பிடித்த பொக்கிஷத்தைக் காட்டினார். நிமிஷத்துக்கு 10,000 சுற்றுச் சுழலும் ஹார்ட் டிஸ்க். அதன் பெருமையை அவர் சொல்லச் சொல்ல எனக்கும் ஆசை பிறந்துவிட்டது. 2003-ல் வெஸ்டர்ன் டிஜிட்டல் கம்பெனியார் 36 ஜிபி கொள்ளளவில் ராப்டர் என்ற டிஸ்க்கை வெளியிட்டார்கள். பெரும்பாலும் பெரிய நிறுவனங்களின் சர்வர்களில் இருந்துவந்த 10,000 சுற்று வேகம் அதன் மூலம் வீட்டு மேஜைக்கு வந்தது. 2008-ல் அதன் வாரிசாக 300 ஜிபி வெலாசிராப்டர் வந்தது. பிரியர்கள் இரண்டு டிஸ்க்குகளை இரட்டை மாடு போலப் பூட்டி ஓட்டினார்களாம். ஒரு மாடு படுத்துவிட்டால் வண்டியில் இருந்த சாமான் அத்தனையும் போயிற்று என்பதை அண்ணாச்சி கொஞ்சம் தணிந்த குரலில்தான் சொன்னார். அதே 2008-ல் இன்டெல் கம்பெனியார் 80 ஜிபி எஸ்.எஸ்.டி. ஒன்றை 595 டாலருக்கு விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். அப்போது அது தங்கத்தின் விலை. ஆனாலும் சுழலும் பந்தயக் குதிரைகளின் காலம் அன்றே முடியத் தொடங்கிவிட்டது. அண்ணாச்சி மட்டும் ஒப்புக்கொள்வதில்லை.

என் அறைத்தோழன் ஒடிசாக்காரன். அவன் இந்த வாதத்தில் எல்லாம் இறங்கவில்லை. "நீ பௌதிகம் படிக்கிறவன்தானே? கணக்குப் போட்டுப் பார்" என்று ஒரு காண்டீன் ரசீதைத் திருப்பி என் முன்னால் வைத்தான்.

போட்டேன். 7,200 சுற்று டிஸ்க்குக்கு ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி செகண்டு. வேண்டிய இடம் காந்தத் தலையின் அடியில் வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்றுக் காத்திருக்க வேண்டும். தலை நகர்ந்து சரியான பாதைக்குப் போக இன்னும் சுமார் 8 மில்லி செகண்டு. ஆக, ஒரு கோப்புக்கு 12 மில்லி செகண்டு என்றால் 40,000 கோப்புக்களுக்கு எட்டு நிமிஷம். அண்ணாச்சியின் குதிரைக்குக் கோப்பு ஒன்றுக்கு 7 மில்லி செகண்டு. மொத்தம் நாலரை நிமிஷத்துக்குச் சற்று அதிகம். எஸ்.எஸ்.டி.க்கு ஒரு மில்லி செகண்டில் பத்தில் ஒரு பங்கு போதும். மொத்தம் நாலே செகண்டு! ரசீதின் பின்புறம் முழுவதும் சரிபார்த்தேன். நாலு செகண்டுதான்.

இதை நம் ஊர்ப் பந்தியை வைத்துப் புரிந்துகொள்ளலாம். பாயசம் ஊற்றுகிறவர் வரிசையாக ஒவ்வோர் இலைக்கும் ஊற்றிக்கொண்டு போனால் நூறு பேருக்கும் நொடியில் ஆகிவிடும். பெரிய சினிமாப் படத்தைப் பிரதி எடுப்பது அந்த மாதிரி வேலை. அதில் ஹார்ட் டிஸ்க் அப்படி ஒன்றும் மோசமில்லை. ஆனால் இந்த மூலையில் ஒருவர் "சாம்பார்" என்கிறார், அந்த மூலையில் ஒருவர் "அப்பளம்" என்கிறார், நடுவில் ஒரு மாமா "உப்பு" என்கிறார் என்றால், பரிமாறுகிறவர் எவ்வளவு வேகமாக ஓடினால்தான் என்ன? காலம் எல்லாம் நடையிலேயே போய்விடும். 10,000 சுற்று டிஸ்க் என்பது கொஞ்சம் இளவயதுப் பரிமாறுபவர், அவ்வளவுதான். எஸ்.எஸ்.டி.யில் நடையே கிடையாது.

என்றாலும் மனசாட்சி என்று ஒன்று இருக்கிறதே! காந்தத்தைப் பற்றி ஆராய்கிறவன் காந்தத்தைக் கைவிடலாமா? 1956-ல் ஐ.பி.எம். வெளியிட்ட முதல் ஹார்ட் டிஸ்க் யந்திரத்தில் 24 அங்குல அகலத் தட்டுக்கள் ஐம்பது. அத்தனையும் சேர்ந்து கொண்டது 50 லட்சம் எழுத்து. இன்றைய தட்டிலோ, மேலே பறக்கும் தலைக்கும் தட்டுக்கும் உள்ள இடைவெளி சில நானோமீட்டர்களே. தட்டின் ஓரம் 7,200 சுற்றில் மணிக்கு ஏறக்குறைய 130 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. இசைத்தட்டில் ஊசி உரசும். இங்கே உரசினால் சர்வ நாசம். அந்தத் தலையின் கூர்மைக்கு வழி வகுத்தது 1988-ல் ஆல்பெர் ஃபெர்ட்டும் பீட்டர் குருன்பெர்க்கும் தனித்தனியே கண்ட காந்தத் தடை விளைவு. 2007-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இந்தப் பக்கம் எஸ்.எஸ்.டி.யும் இளைத்ததில்லை. 1980-களில் டோஷிபாவில் பணியாற்றிய ஃபுஜியோ மசுவோக்கா கண்ட ஃபிளாஷ் நினைவகந்தான் அதன் உயிர். எலெக்ட்ரான்கள் சுவரை ஏறிக் குதிக்காமல் சுவருக்குள்ளேயே ஊடுருவிப் போய் உட்கார்ந்துகொள்கின்றன. குவாண்டம் வகுப்பில் நாம் கரும்பலகையில் பார்த்துக் கொட்டாவி விட்ட அதே சங்கதி, கடையில் விலைக்கு விற்கிறது.

ஒரு சனிக்கிழமை விசுவவித்யாலயா நிலையத்தில் மெட்ரோ ஏறி, காஷ்மீரி கேட்டில் வண்டி மாறி, நேரு பிளேஸ் போய்ச் சேர்ந்தேன். அண்ணாச்சியின் சொல்லைத் தட்டக்கூடாது என்று முதலில் ஒரு கடையில் பழைய 10,000 சுற்று டிஸ்க் ஒன்றை ஓட்டிப் பார்த்தேன். குளவிக் கூட்டைக் கலைத்தாற் போல் ஒரு சத்தம். அது இதுவரை எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று அதற்குள்ளேயே ஒரு கணக்கு இருக்கும். பார்த்தால் 41,000 மணிக்கு மேல். இரவும் பகலுமாக நாலரை வருஷத்துக்கும் அதிகம்! "புதிது மாதிரிதான் பையா" என்றார் கடைக்காரர். அவர் தலைமுடிக்குச் சாயம் பூசியிருந்தார் என்பதையும் கவனித்தேன்.

அடுத்த கடையில் எஸ்.எஸ்.டி. கேட்டேன். அதிலும் இரண்டு ஜாதி. என்.வி.எம்.இ. என்ற ஜாதி பல மடங்கு வேகமாகப் படிக்கிறது, சாட்டா ஜாதி 550 எம்பியோடு நின்றுவிடுகிறது என்று கடைப் பையன் சொன்னான். எனக்கு முன்னதன்மேல்தான் கண். ஆனால் என் பழைய மதர்போர்டில் அது நுழைய வாசலே இல்லை. யோசித்துப் பார்த்தால், சில்லறைக் கோப்புக்களைப் படிக்கும் என் வேலைக்கு இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், ஹார்ட் டிஸ்க்குக்கும் இவற்றுக்கும் உள்ள வித்தியாசத்தைப் போல மலைக்கும் மடுவுக்கும் உள்ளதன்று. 1 டிபி கொள்ளளவுள்ள சாட்டா எஸ்.எஸ்.டி. ஒன்றை 6,300 ரூபாய்க்கு வாங்கினேன். சீட்டுக்கட்டை விடக் கனமில்லை. இதற்கா இத்தனை பணம் என்று வழியெல்லாம் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

மிச்சம் 5,700 ரூபாய். பொங்கலுக்குப் போகும்போது அக்காளுக்கு ஒரு பட்டுச் சேலை வாங்கிப் போவது என்று அதைத் தனியே எடுத்து வைத்தேன்.

வேகத்தைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமா? பொத்தானை அமுக்கிவிட்டு வேட்டியை எடுக்கக் கை நீட்டுவதற்குள் யந்திரம் தயார். டீக்கடைக்காரர்கூட, "என்ன, இப்போதெல்லாம் வருவதே இல்லை?" என்று விசாரித்தார். பழைய டிஸ்க்கைக் கழற்றி அலமாரியில் போட்டேன். அண்ணாச்சி வந்து பார்த்தார். காதை வைத்துக் கேட்டார். "உயிர் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லையே, தம்பி" என்றார். அப்போது சிரித்தேன்.

பொங்கலுக்கு ஊருக்குப் போகக் கிடைக்கவில்லை. டில்லி மூடுபனியில் ரயில் ரத்தாயிற்று. பெட்டி கட்டியவன் அவிழ்த்துப் போட்டுவிட்டு, அன்றிரவு வேறு வேலையில்லாமல் பழைய டிஸ்க்கை மாட்டி, அதுவரை சேர்ந்த கணக்குகளை எல்லாம் அதில் ஒரு பிரதி எடுத்து வைத்தேன். முன்யோசனை என்று யாரும் பாராட்ட வேண்டாம், வெறும் சோம்பல்.

2025 மார்ச் மாதம் ஒரு ஞாயிறு காலை பொத்தானை அமுக்கினேன். டிஸ்க் எதுவும் இல்லை என்றது யந்திரம். கழற்றி மாட்டினேன். வேறு கம்பி போட்டேன். அண்ணாச்சியின் பெட்டியிலும் மாட்டிப் பார்த்தோம். இல்லை என்றால் இல்லை. முந்தின இரவு பன்னிரண்டு மணிவரை நாலு செகண்டில் எல்லாவற்றையும் படித்துக் கொடுத்த பொருள், ஒரு முனகல் இல்லாமல் போய்விட்டது. ஹார்ட் டிஸ்க் சாகுமுன் பெரும்பாலும் டக் டக் என்று கொஞ்ச நாள் இருமும். பிள்ளைகள் வந்து சேர அவகாசம் கொடுக்கும். இது அதுவுமில்லை.

எலெக்ட்ரான்கள் எங்கும் போயிருக்கமாட்டா, உள்ளேதான் இருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஃபிளாஷ் நினைவகம் சிலேட்டுப் பலகை மாதிரி. ஓர் எழுத்தை மாற்ற வேண்டுமானாலும் பலகை முழுவதையும் அழித்தாக வேண்டும். ஒவ்வோர் அழிப்பிலும் பலகை சிறிது தேய்கிறது. தேய்மானம் ஒரே இடத்தில் விழாமல் எல்லாப் பலகைகளையும் மாற்றி மாற்றி உபயோகிக்க உள்ளே ஒரு சில்லு உண்டு. பெரிய பண்ணையின் கணக்குப்பிள்ளை அது. எந்த மூட்டை எந்த மூலையில் என்பது அவருக்குத்தான் தெரியும். கணக்குப்பிள்ளை மூர்ச்சை போட்டு விழுந்துவிட்டால், களஞ்சியம் நிறைய நெல் இருந்தும் ஒரு படி எடுக்க முடியாது. என் பலகைகள் தேயவே இல்லை; கணக்குப்பிள்ளைதான் விழுந்திருக்க வேண்டும். மீட்டுக் கொடுக்க முடியுமா என்று விசாரித்த இடத்தில், பார்ப்பதற்கே கேட்ட தொகை என் மூன்று மாத மெஸ் பில்லைவிட அதிகம்.

எட்டு வாரக் கணக்கு போயிற்று. நல்லவேளையாக நிரல் மட்டும் ஆசிரியருக்கு அனுப்பிய கடிதத்தில் இருந்தது. அவர் திட்டவில்லை. "ஒரே பிரதி என்பது பிரதியே இல்லை என்று உனக்கு யாரும் சொல்லவில்லையா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, துறையின் யந்திரத்தில் இரவு நேரங்களில் ஓட்டிக்கொள்ள அனுமதி வாங்கிக் கொடுத்தார். பத்தொன்பது இரவு ஓட்டினேன். ஆனாலும் மே மாதத்துக்குள் முடிக்க வேண்டியிருந்ததால், பக்கத்துக்கு 64 அணுவாக இருந்த கனசதுரத்தை 32 ஆகக் குறைத்துக்கொண்டேன். என் ஆய்வேட்டில் நாலாவது அட்டவணை குட்டையாக இருப்பதன் காரணம் இதுதான். நேர்முகத் தேர்வில் அதைப் பற்றித்தான் முதல் கேள்வியே கேட்டார்கள்.

மூன்று வாரத்தில் கம்பெனியார் உத்தரவாதத்தின்படி புதிய எஸ்.எஸ்.டி. அனுப்பினார்கள். குறை சொல்லக்கூடாது. உள்ளே இருந்ததற்கு எந்தக் கம்பெனியும் உத்தரவாதம் தருவதில்லை. அண்ணாச்சி இதைப் பெரிய வெற்றியாகக் கொண்டாடினார். நான் ஒப்பவில்லை. ஒரு சாவை வைத்துக்கொண்டு ஜாதியின் ஆயுளைக் கணிப்பது விஞ்ஞானமாகாது. அவருடைய 10,000 சுற்றுக் குதிரையும் அந்தக் கோடையில் இருமத் தொடங்கிவிட்டது. என்னை இன்று ஒருவர் கேட்டால், தினசரி வேலைக்கு எஸ்.எஸ்.டி. என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். வேகமாகச் சுழலும் டிஸ்க்குக்காக ஒரு ரூபாய்கூடச் செலவழிக்க வேண்டாம் என்பேன். ஆனால் மெதுவாகச் சுழலும் பெரிய டிஸ்க் ஒன்றை மூலையில் வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

நானும் அப்படித்தான் செய்தேன். தனியே வைத்திருந்த பணத்தில் 5,400 ரூபாய்க்கு 2 டிபி ஹார்ட் டிஸ்க் வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை இரவுதோறும் அதற்கு எல்லாவற்றையும் பிரதி எடுக்கிறேன். மற்ற நாட்களில் அது அலமாரியில் தூங்குகிறது.

போன ஞாயிறு பிரதி ஓடிக்கொண்டிருக்கும்போது அக்காள் கூப்பிட்டாள்.

"கம்ப்யூட்டர் இப்போது வேகமாக இருக்கிறதா?"

"ரொம்ப வேகம், அக்கா."

"அது என்ன பின்னாலே கரகரவென்று சத்தம்?"

"ஹார்ட் டிஸ்க், அக்கா."

"அவ்வளவு பணம் கொடுத்துப் புதிசு வாங்கியும் அந்தச் சத்தம் போகவில்லையா? கடைக்காரன் உன்னை நன்றாக ஏமாற்றிவிட்டான்" என்றாள். சேலைச் சங்கதியை நான் இன்னும் அவளிடம் சொல்லவில்லை.