பலாலிச் செம்மண்

யாழ்ப்பாணத்து வசாவிளானில் வளர்ந்த பிள்ளைகளுக்கு விமானத்தை அண்ணாந்து பார்க்கத் தேவையில்லை, சத்தத்திலேயே பெயர் சொல்லிவிடுவோம். இரைந்துகொண்டு தாழ்வாக வருவது அவ்ரோ. பக்கத்துப் பலாலிப் படை முகாமுக்கு ஆட்களும் சாமானும் ஏற்றி இறக்குவது. விட்டு விட்டு வெட்டினால் ஹெலி. உயரத்திலிருந்து கூவிக்கொண்டு குத்தினால் குண்டு போடும் சியாமா செட்டி. அது வந்தால் கொப்பி புத்தகத்தைப் போட்டது போட்டபடி விட்டுப் பங்கருக்குள் ஓடவேண்டும். எண்பதுகளின் நடுப்பகுதியில் எங்கள் கிணற்றடியில் நின்று நான் படித்த பாடம் இது.

பங்கர் வெட்டுவது எங்கள் பக்கத்தில் லேசான வேலையல்ல. மேலே கொஞ்சம் செம்மண். கீழே முழுக்கச் சுண்ணாம்புக்கல். அலவாங்கு போட்டால் பொறி பறக்கும். அப்புவும் மாமாவும் இடுப்பளவுக்கு மேல் இறங்க முடியாமல், மிச்ச உயரத்துக்கு மண்மூட்டை அடுக்கினார்கள். கூரைக்குப் பனங்குற்றி, அதன்மேல் மறுபடி மண். உள்ளே குந்தியிருந்தால் புது மண் மணமும் வேர்வை மணமும் கலந்து மூச்சு முட்டும். ஆச்சி வெற்றிலைத் தட்டத்தை விட்டுவிட்டு ஒருநாளும் உள்ளே வந்ததில்லை.

கல் இடிக்கும்போதுதான் அப்பு பழைய கதையை எடுப்பார். "இந்தக் கல்லும் சமதரையும்தான் வெள்ளைக்காரனை இஞ்ச கூட்டிக்கொண்டு வந்தது" என்பார். 1942 ஏப்ரலில் ஜப்பான் விமானங்கள் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு போட்டிருந்தன. அந்த உலகப் போர்க் காலத்தில்தான் பிரிட்டிஷ் விமானப்படை பலாலியில் தளம் அமைத்தது. நாலு எஞ்சின் லிபரேட்டர்கள் இங்கிருந்து எழும்பிக் கடல்மேல் ரோந்து போயின. அப்பு அப்போது இளந்தாரி. ஓடுபாதைக்குக் கல்லுடைத்துக் கூலி வாங்கினவர். அவருடைய தகப்பன் பொயிலை நட்ட தறையிலும் ஒரு துண்டு அதற்குள் போனது. "சண்டை முடியத் திரும்ப வரும் எண்டு இருந்தம்" என்று சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் நிற்பார்.

காணி வரவில்லை, ஆனால் நல்ல காலம் ஒன்று வந்தது. 1947 டிசம்பர் 10 அன்று எயார் சிலோனின் முதல் விமானம், ஒரு டக்கோட்டா, இரத்மலானையில் புறப்பட்டு இங்கே இறங்கித்தான் சென்னைக்குப் பறந்தது. நாட்டின் சொந்த விமானக் கம்பனி பறக்கத் தொடங்கிய நாளிலேயே அதன் வழியில் எங்கள் ஊர் இருந்தது என்பது எனக்கு இன்றைக்கும் பெருமை. பிறகு திருச்சிக்கும் விமானம் ஓடியது. அம்மாவின் கலியாணக் கூறை அந்த வழியாக வந்ததுதான். ஆச்சி அதைப் பெட்டகத்திலிருந்து எடுத்து, கையை முந்தானையில் துடைத்துவிட்டுத்தான் எங்களைத் தொட விடுவா.

எழுபதுகளின் முடிவோடு எயார் சிலோன் இல்லாமற் போயிற்று. நாட்டில் போர் மூள, ஓடுபாதை திரும்பவும் படைத்தளமானது.

1987 ஜூன் 4 அன்று நாங்கள் கோப்பாயில் மாமி வீட்டில் நின்றோம். பின்னேரம் வானத்தில் பழக்கமில்லாத ஒரு இரைச்சல். என் காதுக்கு அது பிடிபடவேயில்லை. எல்லோரும் பங்கருக்குள் பாய்ந்தோம். குண்டு விழவில்லை, குடை விரிந்தது. இந்தியாவின் அன்ரனோவ் விமானங்கள் உணவுப் பொதி போட்டன. அடுத்த மாதம் 30ஆம் திகதி இந்தியப் படை பலாலியில் வந்து இறங்கியபோது போர் முடிந்ததென்றே பெரியவர்கள் நம்பினார்கள். ஒக்டோபரில் அதுவும் சண்டையாயிற்று.

1990 ஜூனில் போர் திரும்பவும் மூள, ஊரே எழும்பியது. வசாவிளான், பலாலி, மயிலிட்டி, கட்டுவன் எல்லாம் வெறுமையாயின. ஆச்சி காணி உறுதியையும் அந்தக் கூறையையும் ஒரே பையில் வைத்துக்கொண்டா. "ரெண்டு கிழமையில வந்திடலாம்" என்று மாட்டை அவிழ்த்துவிட்டார் அப்பு. ஊர் இராணுவத்தின் அதியுயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போனது. இருவரும் அகதியாய் இருந்த இடத்திலேயே கண்மூடினார்கள்.

2019 ஒக்டோபர் 17இல் பலாலி விமானத்தளம் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. அடுத்த மாதம் சென்னையிலிருந்து வழமையான பயணிகள் சேவை தொடங்கியது. எனக்கு அதில் உண்மையான சந்தோசம். இந்த ஓடுபாதைக்குப் பொருத்தமான வேலை சனத்தை ஏற்றி இறக்குவதுதான். ஆனால் போர் முடிந்த பின் கட்டம் கட்டமாக விடப்பட்ட காணிகளுக்குள் எல்லோருடைய காணியும் வந்துவிடவில்லை. விமான நிலையத்துக்கு உண்மையில் எவ்வளவு நிலம் வேண்டுமோ அதை அளந்து, உரியவருக்கு நியாயமான விலை கொடுத்து எடுங்கள். மிச்சத்தை உறுதி வைத்திருப்பவர்கள் உயிரோடு இருக்கும்போதே விட்டுவிடுங்கள்.