மூளை எந்த மேஜையில்?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் நாலு கம்ப்யூட்டர் வைத்திருக்கும் ஒரு மொத்த வியாபாரியை நினைத்துக்கொள்ளுங்கள். 2007 ஜனவரி 1. தமிழ்நாட்டுக்கு 'வாட்' வந்த நாள். அவருடைய பில்லிங் மென்பொருள் இரண்டடுக்கு. சரக்குக் கணக்கு ஒரு சர்வரில். வரி போடும் மூளை மட்டும் ஒவ்வொரு மேஜையிலும்! சி.டி.யும் கையுமாக ஒரு பையன் மேஜை மேஜையாகப் போகணும். ஒன்றை விட்டுட்டான்னா ஒரே கடையில் ரெண்டு வரி. பி.காம். படித்த எனக்கே தலை சுத்துது.

மூன்றடுக்கில் அந்த மூளையைக் கழற்றி நடுவே தனி சர்வரில் வைக்கிறார்கள். நம் மேஜையில் இருப்பது வெறும் ஜன்னல். ஜெர்மனியின் எஸ்.ஏ.பி. 1992-ல் கொண்டுவந்த ஆர்/3 இந்த ரகம்தான்.

நாமக்கல் லாரிக்காரர்களுக்கு இது இ-வே பில்லாக வந்தது. நூறு கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்றிருந்த கெடு, 2021 ஜனவரி 1 முதல் இருநூறுக்கு ஒரு நாள். ராத்திரியோடு ராத்திரியாக விதி மாறியது. எந்த லாரி ஆபீஸுக்கும் சி.டி. பையன் வரவில்லை.

அப்ப மூணுதான் உசத்தியா? அவசரப்படாதீங்க. 2018 பிப்ரவரி 1, இ-வே பில் தொடங்கிய முதல் நாளே தளம் திணறி, நாடு முழுக்க பில் எடுக்க முடியாமல் தவித்தார்கள். கடைசியில் ஏப்ரல் 1-க்குத் தள்ளிவைத்தார்கள். செவ்வாய்ப்பேட்டைக்காரர் கேட்டால், நாலு மேஜைக்கு ரெண்டடுக்கே போதும்ணே என்பேன்.