நான்கு கதவு ஹெரால்டு

அம்பத்தூர் பக்கம் ஒரு பட்டறை. பெயர்ப்பலகை கிடையாது. பழைய கார்களுக்கு மட்டும் வேலை செய்யும் இடம் என்பதால், தேவைப்பட்டவர்கள் விசாரித்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். நான் போனபோது ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு அக்கக்காகக் கிடந்தது. பானெட் சுவரோரம், நடுப்பகுதி மரக்கட்டைகளின் மேல், பின்பகுதி வெளியே தகரக் கொட்டகையில். சேசிஸ் மட்டும் கறுப்பு பெயிண்டில் சக்கரங்களோடு நின்றது.

இப்படித் துண்டுதுண்டாகக் கழற்ற வருவது இந்தக் காரின் பிறவிக் குணம். இங்கிலாந்தில் ஸ்டாண்டர்டு டிரையம்ஃப் நிறுவனம் இதைத் திட்டமிட்ட காலத்தில், அவர்களுக்கு பாடி செய்துவந்த ஃபிஷர் அண்டு லட்லோ கம்பெனி போட்டியாளரான பி.எம்.சி.யின் கைக்குப் போயிருந்தது. முழு பாடியையும் ஒரே கூடாகச் செய்துதர ஆளில்லை. தனி சேசிஸ் போட்டு, வெவ்வேறு இடங்களில் தயாரான பகுதிகளை அதன்மேல் போல்ட் அடித்துப் பூட்டிவிடலாம் என்று முடிவானது. இத்தாலிக்காரர் ஜியோவன்னி மிகெலோட்டி வரைந்த உருவத்தில் 1959இல் அங்கே வந்த கார், 1961இல் சென்னையில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆனது. பெருங்களத்தூரில் இருந்த அந்தத் தொழிற்சாலையைத் தாம்பரம் பக்கத்துப் பெரியவர்கள் இன்னும் நினைவு வைத்திருக்கிறார்கள்.

கழற்றுவது சுலபம், சேர்ப்பதுதான் பாடு. பாடிக்கும் சேசிஸுக்கும் நடுவில் தகட்டுத் துண்டுகளைச் செருகியும் எடுத்தும் கதவு இடுக்குகளைச் சரிசெய்கிறார்கள். பின்பக்கம் ஒரு தகடு கூடினால் முன்கதவு எங்கோ இடிக்கும். போன வாரம் சரியாக இருந்த இடுக்கு, என்ஜினை இறக்கி வைத்ததும் மாறிவிட்டது என்று புலம்பினார் டிங்கர். எல்லோரும் அவரை 'பாய்' என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

மெக்கானிக்குக்கு வேறு கதை. மட்கார்டோடு சேர்ந்து மொத்த முன்பகுதியும் முன்னால் சாய்ந்து திறக்கிற கார் இது. முன்டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். இந்த வசதிக்காகவே ஹெரால்டை அவருக்குப் பிடிக்கும். முன்சக்கரம் திரும்புகிற இடத்தில் உள்ள டிரன்னியனைக் கழற்றிக் காட்டினார். பித்தளை நிறத் துண்டுக்குள் இரும்புத் தண்டின் மரை சுழல்கிறது. அதற்குக் கியர் ஆயில் விட வேண்டும். மற்ற கார்களுக்குச் செய்கிற பழக்கத்தில் கிரீஸ் அடித்துவிடுவார்கள். கிரீஸ் உள்வரை போகாது, ஈரம் தேங்கும், மரை அரித்து ஒருநாள் தண்டு ஒடிந்து சக்கரம் மடங்கிக்கொள்ளும். "கிரீஸ் அடிச்சு அடிச்சே நிறைய வண்டியைக் கொன்னுட்டாங்க சார்" என்றார். டிரன்னியன் இங்கிலாந்திலிருந்து புதிதாகவே வந்திருந்தது. அங்கே ஹெரால்டு பிரியர்கள் இன்னும் இருப்பதால் இப்படிப்பட்ட சாமான்களைத் திரும்பச் செய்து விற்கிறார்கள்.

பின்கதவு அப்படி வராது. டிரையம்ஃப் நிறுவனம் ஹெரால்டை நான்கு கதவுகளோடு செய்ததே இல்லை. 1960களின் பிற்பகுதியில் குடும்பத்தோடு போகிறவர்களுக்காகச் சென்னைத் தொழிற்சாலை செய்த மாற்றம் அது. ஆக, இந்தக் காரின் ஆங்கிலேயப் பாதி தபாலில் வந்துவிடுகிறது. நம் ஊரில் பிறந்த பாதி உலகத்தில் எங்கும் கிடைப்பதில்லை. தொழிற்சாலையும் 1980களின் கடைசியில் மூடிவிட்டது. புதுப்பேட்டைக் கடைகளில் தேடியும் கிடைக்கவில்லை. காயலான் கடைக்குப் போன கதவுகள் எப்போதோ உருகிவிட்டிருக்கும்.

இந்தக் காரின் இடது பின்கதவு கீழ்ப்பாதி முழுக்கத் துருவேறி உதிர்ந்துவிட்டது. பாய் வலது கதவின் மேல் அட்டை வைத்து வடிவம் எடுத்து, அதைப் புரட்டிப் போட்டுத் தகடு வெட்டினார். மணல் மூட்டைமேல் வைத்து மரச் சுத்தியலால் தட்டி வளைவு கொண்டுவந்தார். பிறகு கேஸ் வெல்டிங். சூட்டில் தகடு விரிந்து உப்பும். உப்பிய இடத்தைச் சுத்தியலால் ஓயாமல் தட்டினால் இன்னும் பெருக்கும். அதனால் ஒரு ரூபாய் அளவுக்கு மட்டும் சிவக்கக் காய்ச்சி, பின்னால் டாலி என்கிற இரும்புக் கட்டியைக் கொடுத்து நாலு தட்டு தட்டி, உடனே ஈரத்துணியை வைத்தார். தகடு சுருங்கி இறுகியது. கையை விரித்து மேலே தடவிப் பார்த்தார். கண்ணை நம்புவதில்லை என்றார். வெளிச்சம் ஏமாற்றும், உள்ளங்கை ஏமாற்றாதாம்.

பட்டியை அப்பி மறைத்தால் இதில் பாதி வேலை மிச்சம். பல இடங்களில் அதுதான் நடக்கிறது. கண்காட்சியில் பளபளக்கிற கார்களில் காந்தத்தை ஒட்டிப் பார்த்தால் நழுவி விழுகிற இடங்கள் நிறைய இருக்கும் என்பது என் சந்தேகம். பரிசு வாங்குகிற மேடையில் சொந்தக்காரர் நிற்பார், டிங்கர் நிற்கமாட்டார் என்பதும் எனக்கு உறுத்தல்தான்.

2021இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, ஐம்பது ஆண்டு தாண்டிய, சேசிஸ், பாடி, என்ஜினில் பெரிய மாற்றம் செய்யாத கார்களுக்கு 'வி.ஏ.' எழுத்துகளோடு தனிப் பதிவெண் தருகிறார்கள். அப்படிப் பதிந்த காரை அன்றாடம் ஓட்டக் கூடாது. இதைச் சொன்னதும் மெக்கானிக் சிரித்தார். "அப்புறம் எதுக்கு சார் என்னை பிரேக்குக்கு இவ்வளவு மெனக்கெட வச்சாங்க?"

கிளம்பும்போது பாய் என்னை நிறுத்தினார். வலது கதவும் ஒருகாலத்தில் அடிபட்டு நிமிர்த்தியதுதானாம். அதிலிருந்து எடுத்த வளைவில் அவருக்கு முழு நம்பிக்கை இல்லை. தாம்பரம், பல்லாவரம் பக்கம் யார் வீட்டிலாவது அடிபடாத நான்கு கதவு ஹெரால்டு நின்றால் சொல்லுங்கள் என்றார். விலைக்கு வேண்டாம். அட்டையும் பென்சிலும் எடுத்துக்கொண்டு வந்து, பின்கதவை மட்டும் வரைந்துகொண்டு போய்விடுவாராம்.