வைக்கோற்போரில் ஊசி தேடும் ஊர்

நியூயார்க்கில் ரயிலேறினால் சுமார் இரண்டு மணி நேரத்தில் நியூஹேவன் வந்துவிடும். ஊர் நடுவே பசும்புல் மைதானம்; பக்கத்திலேயே யேல் சர்வகலாசாலை. பெயரைக் கேட்டதும் சென்னைவாசிகள் நிமிர்ந்து உட்காரலாம்! நம் செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் கவர்னராக இருந்தாரே எலிஹு யேல், அவர் அனுப்பிய புத்தகங்களுக்கும் சரக்கு மூட்டைகளுக்கும் நன்றியாக 1718-ல் சூட்டிய பெயர்தான் அது.

இங்குள்ள ரைட் ஆராய்ச்சிக்கூடத்துக்குள் எட்டிப் பார்ப்போம், வாருங்கள். கண்ணுக்கே தெரியாத ஒன்றை இங்கே தேடியிருக்கிறார்கள்.

பிரபஞ்சத்திலுள்ள பொருளில் ஏறக்குறைய ஆறில் ஐந்து பங்கு ஒளியே விடாத இருண்ட பொருளாம். நட்சத்திர மண்டலங்கள் சுழலும் வேகத்தைப் பார்த்துத்தான் அப்படி ஒன்று இருப்பதாக ஊகித்தார்கள். அது ‘ஆக்ஸியான்’ என்ற நுண்துகளாக இருக்கலாம் என்பது ஒரு கட்சி. வேடிக்கையைக் கேளுங்கள்: அது ஓர் அமெரிக்கச் சலவை சோப்பின் பெயர்! பௌதிக சாஸ்திரத்தில் படிந்திருந்த ஒரு கறையைப் போக்க வந்த துகள் என்பதால் ஃபிராங்க் வில்செக் என்ற விஞ்ஞானி அப்படிப் பெயரிட்டார்.

தேடும் கருவி பூதாகரமானது என்று எண்ண வேண்டாம். அதன் உயிர்நாடி, தாமிரம் பூசிய ஓர் எவர்சில்வர் உருளை. உயரம் சுமார் 25 சென்டிமீட்டர். உங்கள் சமையலறை அலமாரியில் சம்படங்களோடு சம்படமாக நிற்கும்! அதைப் பூஜ்யத்துக்குக் கீழே ஏறக்குறைய 273 டிகிரிக்குக் குளிர்வித்து, பலத்த காந்தத்தின் நடுவே வைக்கிறார்கள். அங்கே ஆக்ஸியான் வந்தால் மிக மெல்லிய ரேடியோ அலையாக மாறக்கூடும். ரேடியோவில் ஸ்டேஷன் தேடுவது போல, கொஞ்சம் கொஞ்சமாகத் திருகிக் கேட்க வேண்டியதுதான்.

ஆனால் எவ்வளவு குளிர்வித்தாலும் இயற்கையின் ‘குவாண்டம்’ இரைச்சல் ஓயாது. தலையணையை ஒரு பக்கம் அமுக்கினால் மறுபக்கம் உப்பும் அல்லவா? அதேபோல, தாங்கள் கேட்கும் பக்கத்தில் இரைச்சலை அமுக்கி, கேட்காத பக்கத்தில் உப்பவிட்டார்கள். தேடும் வேகம் இரட்டித்ததென்று 2021-ல் அறிவித்தார்கள்.

“கிடைத்ததா?” என்கிறீர்களா? இல்லை. இந்த முயற்சிக்கு அவர்கள் வைத்த பெயரே ‘ஹேஸ்டாக்’, அதாவது வைக்கோற்போர்!

மூக்குத்தித் திருகு தொலைந்தால் என்ன செய்கிறோம்? ஒரு மூலையைப் பெருக்கி, “இங்கே இல்லை” என்று நிச்சயம் செய்துகொண்டு அடுத்த மூலைக்குப் போகிறோம். அந்தத் திருகாவது வீட்டில் இருந்தது என்பது நமக்குத் தெரியும். ஆக்ஸியான் என்று ஒன்று உண்டா என்பதே இவர்களுக்குத் தெரியாது. அப்படியும் ஆண்டுக்கணக்கில் “இங்கே இல்லை, இங்கே இல்லை” என்று எழுதிச் சேர்த்திருக்கிறார்கள். இனித் தேட வருகிறவர்கள் அந்த மூலையை மறுபடி பெருக்க வேண்டியதில்லை பாருங்கள்!