ஓடுதளம் இருந்த தெரு

சென்ற ஆண்டு இலண்டனின் வடமேற்குப் புறநகரான எட்ஜ்வேருக்கு அருகில் நண்பர் ஒருவரின் பங்கு இல்லத்தில் ஒரு வாரம் தங்கியிருந்தேன். விமானங்கள்மீது சிறுவயது முதலே எனக்கொரு மயக்கம் உண்டு. எனவே, ஸ்டாக் லேன் விமானத் திடல் இருந்த மண்ணையாவது பார்த்துவர விரும்பினேன். அப்பகுதியில் வாழும் யாழ்ப்பாணத்து முதியவர் ஒருவர் வழித்துணையாக வந்தார்.

டி ஹாவிலண்ட் நிறுவனம் 1920ஆம் ஆண்டு அத்திடலில் தொழில் தொடங்கியது. அங்கே உருவான ‘மாத்’ என்னும் இருவர் அமரும் சிறு விமானம் 1925 பிப்ரவரியில் முதன்முதலாகப் பறந்தது. இறக்கைகளை மடித்து வைக்கக்கூடிய எளிய ஊர்தி அது. அதே ஆண்டில் அரசின் உதவியோடு பறத்தற் கழகங்களும் தோன்றின. செல்வருக்கும் படைவீரருக்கும் மட்டுமே உரியதாயிருந்த வானம், நடுத்தர மக்களுக்கும் சற்றே திறந்தது.

அவ்வாறு வந்தவர்களுள் ஒருவர்தாம் ஏமி ஜான்சன். மீன் வணிகரின் மகள். வழக்கறிஞர் அலுவலகம் ஒன்றில் பணியாற்றியவர். 1928இல் பயிற்சியைத் தொடங்கிய அவர், விரைவில் தேறிவிடவில்லை. தனியே பறக்க மற்றவர்களைவிட அதிகப் பயிற்சி அவருக்குத் தேவைப்பட்டது. ஆயினும், கொட்டகையில் இயந்திரப் பணியாளரோடு நின்று கைகளில் எண்ணெய் படிய வேலை கற்றார். 1929இல் விமானியாகவும் இயந்திரப் பொறுப்பாளராகவும் உரிமம் பெற்றார். 1930 மே 5ஆம் நாள் குரோய்டனிலிருந்து பழைய ‘மாத்’ ஒன்றில் தனியே புறப்பட்டு, 19 நாள்களில் ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரை அடைந்தார். அவ்வழியில் தனித்துப் பறந்த முதல் பெண் அவரே.

இவற்றையெல்லாம் நடந்தவாறே சொல்லிக்கொண்டு வந்தேன். ஆனால் கண்முன் இருந்தவை வீடுகளே. இலண்டன் மாநகரம் வளர்ந்து வந்து திடலைச் சூழ்ந்துகொள்ள, 1934இல் அது மூடப்பட்டு வீட்டுமனைகளாயிற்று. ‘டி ஹாவிலண்ட் சாலை’ என்னும் பெயர்ப்பலகை மட்டும் பழங்கதையை நினைவூட்டியது.

“எவ்வளவு பெரிய இழப்பு!” என்றேன்.

முதியவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு மெல்லச் சொன்னார்: “பாதர், ஊரில வீடு எரிஞ்சு போய்த்தான் நாங்கள் இங்க வந்தனாங்கள். இந்த வீடுகள் இல்லாட்டி எங்க போயிருப்பம்?”

என் வாய் அடைத்துப்போயிற்று. ஏனெனில், ஊரில் எனக்காக ஒரு முடிவு காத்திருந்தது. பங்குக்குச் சொந்தமான விளையாட்டுத் திடலில், வீடற்ற குடும்பங்களுக்குக் குடியிருப்புக் கட்ட வேண்டும் என்று ஒரு சாராரும், பிள்ளைகளின் திடலில் கைவைக்கலாகாது என்று மறுசாராரும் வாதிட்டு வந்தனர். நானோ திடலின் பக்கம் சாய்ந்திருந்தேன்.

அன்றிரவு ஒரு செய்தி என் நினைவுக்கு வந்தது. ஸ்டாக் லேனை விடுவதற்கு முன்பே, 1930இல், அந்நிறுவனம் ஹாட்பீல்டில் வேறு நிலம் வாங்கியிருந்தது. பறத்தற் கழகமும் அங்கே இடம்பெயர்ந்தது. பழைய திடல் வீடுகளுக்கு இடம் தந்தது. ஆயினும் கற்போர் தெருவில் விடப்படவில்லை.

ஊர் திரும்பியதும் பங்குப் பேரவையில், முதலில் பிள்ளைகளுக்கு மாற்று நிலம், பிறகே அடிக்கல் என்றேன். ஊர்க்கோடியில் ஒரு புன்செய் நிலம் கிடைத்தது. தொலைவு அதிகம் என்று பிள்ளைகள் இன்றும் குறைகூறுகின்றனர், அக்குறை நியாயமானதே. இருப்பினும் மாலைதோறும் அங்கே பந்து உருளுகிறது. பழைய திடலில் சுவர்கள் எழும்பிக்கொண்டிருக்கின்றன.

ஏமியின் விமானம் இன்று இலண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் தொங்குகிறது. அதைப் பார்ப்போர் அவர் சென்றடைந்த தொலைவை வியக்கின்றனர். எனக்கோ, அவர் தட்டுத்தடுமாறிக் கற்ற அந்தச் சிறு புல்வெளியே நினைவில் நிற்கிறது. தடுமாறுவதற்கு ஓரிடம் இருந்ததனால் அன்றோ அவர் பறந்தார்!