திரும்பி வரும் நேரம்

மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் இருக்கும் எங்கள் வீட்டுச் சமையலறைச் சுவரில், ஆண்டுதோறும் மே மாதத்தில் ஒரு தாள் தொங்கும். பொன் தேடி உள்நாட்டுப் பாழ்நிலத்துக்குப் புறப்படுமுன் நான் எழுதி வைக்கும் திட்டத்தாள் அது. வீட்டுக்கு வரும் நண்பர்கள் அதைப் படித்துவிட்டுச் சிரிப்பதுண்டு. "பொன் தேடப் போகிறவரின் பட்டியலில் பொன்னைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே!" என்பார்கள். உண்மைதான். எத்தனை லிட்டர் தண்ணீர், எத்தனை கேன் டீசல், எந்தச் சாலை, எந்த வாயில், எங்கே கூடாரம் என்பனவே அதில் இருக்கும். கடைசி வரி மட்டும் சிவப்பு மையில் இருக்கும்: "வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்குள் என்னிடமிருந்து தகவல் வராவிட்டால் காவல்துறைக்குச் சொல்லவும்."

இப்படி எழுதும் பழக்கத்தை நான் ஆஸ்திரேலியாவில் கற்றுக்கொண்டேன் என்று பலர் நினைக்கிறார்கள். அதன் வேர் வேறிடத்தில் இருக்கிறது.

நான் கோலார் தங்கவயலில் பிறந்தவன். வட ஆற்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து சென்ற தமிழர்களின் உழைப்பால் எழுந்த ஊர் அது. உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றாக விளங்கிய சாம்பியன் ரீப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. என் தந்தை அங்கே நிலத்தடித் தொழிலாளி. ஒவ்வொரு நாளும் வேலைக்கு இறங்குமுன், தம் எண் பொறித்த பித்தளை வில்லையை மேலே ஒரு பலகையில் மாட்டிவிட்டுப் போவார். மேலே ஏறி வந்ததும் அதை எடுத்துக்கொள்வார். ஷிப்டு முடிந்த பின்னும் பலகையில் ஒரு வில்லை தொங்கினால், அதற்குரியவர் இன்னும் பூமிக்குள் இருக்கிறார் என்று பொருள்.

சிறுவனாக இருந்தபோது, ஒரு நாள் அவரிடம், "இன்று தங்கம் கிடைத்ததா அப்பா?" என்று கேட்டேன். "தங்கம் கிடைப்பது கம்பெனியின் கவலை. மேலே வருவதுதான் என் கவலை" என்று சொல்லிவிட்டுக் கால் கழுவப் போனார். ஆழத்தில் பாறை வெடிக்கும்போது மேலே எங்கள் வீட்டுத் தட்டுமுட்டுகள் நடுங்கும். அந்த நேரங்களில் என் தாய் அடுப்பை அப்படியே விட்டுவிட்டுச் சுரங்க வாயிலுக்கு ஓடியதை இரண்டு முறை பார்த்திருக்கிறேன். ஷிப்டு முடிவைச் சொல்லும் சங்கு ஊதினால்தான் அவர் முகம் தெளியும். 2001 பிப்ரவரி இறுதியில் அந்தச் சுரங்கங்கள் மூடப்பட்டன. அப்போது நான் பெர்த்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டிருந்தேன்.

பொன்னைத் தேடும் ஆசை எனக்கு எப்படி வந்தது என்று என்னாலேயே சொல்ல முடியவில்லை. அண்டை வீட்டுக்காரர் ஒருவர், ஓய்வுபெற்ற ரயில்வே மெக்கானிக், எழுபதைக் கடந்தவர், ஒரு மாலை தம் உள்ளங்கையைத் திறந்து காட்டினார். கடலை அளவுள்ள ஒரு பொன்கட்டி. சுரங்கமும் வெடிமருந்தும் இல்லாமல், தரையிலிருந்து ஒரு சாண் ஆழத்தில் எடுத்ததாகச் சொன்னார். தந்தையின் வாழ்நாளெல்லாம் எங்கள் வீட்டில் அம்மாவின் திருமணச் சங்கிலியைத் தவிர வேறு தங்கம் இருந்ததில்லை. அந்தக் கட்டியை நான் நீண்ட நேரம் கையில் வைத்திருந்தேன்.

அவருடைய உலோக உணர்கருவியின் தத்துவம் எளிது. தரையோடு ஒட்டிச் செல்லும் வட்டச் சுருளிலிருந்து காந்தத் துடிப்புகள் மண்ணுக்குள் பாயும். உள்ளே உலோகம் இருந்தால் அதில் ஒரு மெல்லிய மின்னோட்டம் தோன்றி மறையும். அதன் எதிரொலியைக் கருவி ஓசையாக மாற்றி ஹெட்போனில் தரும். ஆனால் அந்நாட்டின் செம்மண் இரும்புச் சத்து மிகுந்தது. மண்ணே ஓயாமல் முணுமுணுக்கும். கருவியை அந்தந்த நிலத்துக்கேற்பச் சரிப்படுத்தி, அம்முணுமுணுப்புக்கு நடுவே மாறி ஒலிக்கும் ஒரு சிறு தொனியைக் காது பிரித்தறிய வேண்டும். தொனி வந்த இடமெல்லாம் பொன்னும் இல்லை. துருப்பிடித்த ஆணி, துப்பாக்கித் தோட்டாவின் உறை, நூறாண்டுக்கு முன் நடந்தவனின் காலணி ஆணி ஆகியவையும் அதே போல ஒலிக்கும். தோண்டித்தான் அறிய வேண்டும். நூறு குழி தோண்டியும் வெறுங்கையோடு திரும்பும் நாள்களே அதிகம்.

முதற்பயணத்துக்கு ஆயத்தம் செய்ய எங்களுக்கு மூன்று மாதங்கள் ஆயின. முதல் வேலை சட்டம். மேற்கு ஆஸ்திரேலியாவில் 'மைனர்ஸ் ரைட்' என்னும் உரிமச் சீட்டு பெற வேண்டும். ஒருமுறை பெற்றால் ஆயுள் முழுவதும் செல்லும். பிறர் குத்தகைக்கு எடுக்காத அரசு நிலத்தில், அச்சீட்டை உடையவர் சிறு கருவிகளால் தேடிக் கண்டெடுத்த பொன் அவருக்கே உரியது. பிறருடைய சுரங்கக் குத்தகைக்குள் அவர்களின் இசைவின்றிக் கால் வைக்கலாகாது. ஆகவே, எந்தத் துண்டு நிலம் யாரிடம் இருக்கிறது என்பதை அரசின் வரைபடத்தில் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். மாட்டுப்பண்ணை நிலமானால் பண்ணைக்காரருக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும். மாடுகள் நீர் அருந்தும் கிணறுகளையும் அணைகளையும் விட்டு விலகியிருக்க வேண்டும். பூர்வகுடி மக்களின் புனித இடங்களைத் தீண்டக் கூடாது. தோண்டிய ஒவ்வொரு குழியையும் மூட வேண்டும். இந்தக் கடைசி விதியை நண்பர் சட்டத்தை விடவும் கண்டிப்பாகக் கடைப்பிடிப்பார். மூடாத குழியில் மாடு கால் ஒடித்துக்கொண்டால், அடுத்து வருகிறவனுக்கு வாயில் திறக்காது என்பார்.

இரண்டாவது வேலை தண்ணீர். 1892இல் கூல்கார்டியிலும் 1893இல் கல்கூர்லியிலும் பொன் கண்டுபிடிக்கப்பட்டபோது அங்கே பாய்ந்து வந்தவர்களில் எத்தனையோ பேர் தாகத்தாலும் குடற்காய்ச்சலாலும் மாண்டனர். உப்பேரியின் நீரைக் காய்ச்சி வடித்துக் காசுக்கு விற்ற நிலம் அது. பொறியாளர் சி. ஒய். ஓ'கானர் கடலோர மலைத்தொடரில் அணை கட்டி, ஏறத்தாழ 530 கிலோமீட்டர் தூரம் குழாய் பதித்து நீரை மேலேற்றும் திட்டத்தை வகுத்தார். ஓயாத ஏளனத்துக்கும் பழிக்கும் ஆளான அவர் 1902இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். 1903இல் தண்ணீர் கல்கூர்லியை அடைந்தது. அந்தக் குழாய் இன்றும் சாலையோரமாகத் தொடர்ந்து வருகிறது. அதைப் பார்த்துக்கொண்டே வண்டியில் போகும்போது, நாங்கள் ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு 10 லிட்டர் என்று கணக்கிட்டு ஏற்றிய கேன்கள் பின்னால் மோதி ஒலிக்கும்.

மற்றவை சுருக்கமாக: இரண்டு ஸ்டெப்னி டயர்கள், செயற்கைக்கோள் தொலைபேசி, ஆபத்தில் விசையை அழுத்தினால் மீட்புப் படைக்கு இடத்தைத் தெரிவிக்கும் கைக்கருவி, பாம்புக்கடிக்கு இறுக்கிச் சுற்றும் துணிக்கட்டு, காகித வரைபடம். கோடையில் வெப்பம் 40 பாகையைத் தாண்டும். ஆதலால் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலேயே பயணம். பழைய சுரங்கக் குழிகள் புதருக்குள் வாய்திறந்து கிடக்கும். ஆதலால் இருளில் நடமாட்டம் இல்லை. வண்டி பழுதானால் வண்டியை விட்டு நகரக் கூடாது. வானிலிருந்து தேடுவோருக்கு மனிதனை விட வண்டியே எளிதில் தென்படும்.

மென்சீஸ் ஊரைத் தாண்டிக் கூடாரமிட்ட முதலிரவில், நான் கத்தோலிக்கன் என்பதை அறிந்த நண்பர் ஒரு பழங்கதை சொன்னார். கல்கூர்லிக்கு அருகே கனோவ்னா என்னும் ஊரில் லாங் என்ற இளங்குரு இருந்தார். 1898இல், மாபெரும் பொன்கட்டி ஒன்றைத் தாம் கண்டதாகவும், இரகசியம் காப்பதாக வாக்களித்துவிட்டதாகவும் அவர் சொன்ன செய்தி பரவியது. 'புனிதப் பொன்கட்டி' என்று மக்கள் அதற்குப் பெயரே சூட்டிவிட்டனர். நெருக்குதல் தாளாமல், அவ்வாண்டு ஆகஸ்ட் மாதம் ஒரு விடுதியின் மாடத்தில் நின்று, அது கிடைத்த இடத்தை அவர் அறிவித்தார். ஆயிரக்கணக்கானோர் குதிரையிலும் வண்டியிலும் சைக்கிளிலும் கால்நடையாகவும் பாய்ந்தோடினர். அங்கே ஒன்றும் இருக்கவில்லை. அடுத்த ஆண்டே அந்தக் குரு இளவயதில் காலமானார். அவரை யாரோ ஏமாற்றினார்கள் என்று நம்பியவர் பலர். கனோவ்னா இன்று ஆளில்லாத வெற்றிடம்.

"ஓடியவர்களில் எத்தனை பேர் திரும்பும் வழிக்குத் தண்ணீர் எடுத்துப் போயிருப்பார்கள்?" என்று கேட்டுவிட்டு நண்பர் நெருப்பைக் கிளறினார். நான் அந்தக் குருவை நினைத்துக்கொண்டிருந்தேன். எதையும் அடைய ஆசைப்படாத அவரையும் அந்தப் பொன்கட்டி விட்டுவைக்கவில்லையே என்று தோன்றியது.

மூன்றாம் நாள் காலை நான் ஓர் ஓடையின் வறண்ட படுகையில் தனியாகத் தேடிக்கொண்டிருந்தேன். மெல்லிய தொனி ஒன்று கேட்டது. குந்தாலியால் கொத்தினேன். ஓர் அரிசியைவிடச் சற்றுப் பெரிய பொன்துணுக்கு. என் வாழ்நாளில் நானே எடுத்த முதல் பொன். அதன் மகிழ்ச்சியை மறைக்க மாட்டேன், உரக்கச் சிரித்தேன். ஒன்று இருந்தால் மேலும் இருக்கும் என்று ஓடையைப் பின்பற்றினேன். குனிந்த தலை நிமிரவில்லை. ஓடை கிளை பிரிந்தது. கிளையும் தேய்ந்து தரையோடு கலந்தது. நிமிர்ந்து பார்த்தபோது நாற்புறமும் ஒரே உயரத்தில் முல்கா மரங்கள். வந்த வழி எது என்று தெரியவில்லை. திசை காட்டும் கருவி வண்டியில். ஆபத்துக் கருவியும் வண்டியில். "அருகில்தானே" என்று விட்டுவந்தவை. கையில் அரைப் புட்டி தண்ணீர்.

பத்து நிமிடம் ஒரு பக்கம் நடந்தேன். பிறகு எதிர்ப்பக்கம் நடந்தேன். வாய் உலர்ந்தது. அந்நேரத்தில் என் நினைவுக்கு வந்தது பொன்னன்று. சமையலறைச் சுவரின் தாள். இன்று செவ்வாய், அவள் வெள்ளி வரை ஐயமின்றி இருப்பாள். என் வில்லை பலகையில் தொங்குவதை அதுவரை யாரும் பார்க்கப் போவதில்லை. அந்த நினைவில் கால்கள் தளர்ந்து, ஒரு மரநிழலில் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததுதான் நான் செய்த ஒரே நல்ல காரியம். ஏனெனில் அப்போதுதான் காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றினேன்.

தொலைவில், மிகத் தொலைவில், ஹாரன் ஒலித்தது. மூன்று முறை. பிறகு மௌனம். சிறிது நேரத்தில் மீண்டும் மூன்று முறை. உச்சிப்பொழுதுக்குள் ஒருவர் வண்டிக்குத் திரும்பாவிட்டால் மற்றவர் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஹாரன் அடிக்க வேண்டும் என்பது எங்கள் திட்டத்தின் ஒரு வரி. அதை எழுதியபோது சற்று மிகையாகத் தோன்றியது. அந்த ஒலி வந்த திசையில் நடந்தேன். நின்றால் காத்திருந்து, கேட்டால் நடந்தேன். தங்கவயலின் சங்கொலியைக் கேட்டு என் தாய் ஏன் அழுதார் என்பது அந்த நடையில்தான் எனக்கு விளங்கியது.

நண்பர் ஒன்றும் கடிந்துகொள்ளவில்லை. தண்ணீரை நீட்டினார். "எத்தனை முறை அடித்தீர்கள்?" என்றேன். "ஒரு மணி நேரமாக" என்றார். என் காதுகள் பொன்னின் தொனிக்காகக் கூர்ந்து கொண்டிருந்தபோது, என்னைத் தேடிய ஒலியை என்னால் கேட்க முடியவில்லை.

அந்த அரிசியளவு பொன் இப்போது சிறு கண்ணாடிக் குப்பியில் இருக்கிறது. அதனருகில் அப்பாவின் பித்தளை வில்லை. எடை போட்டால் பித்தளையே அதிகம். நான் பயணங்களை நிறுத்தவில்லை. இப்போதெல்லாம் திசைகாட்டியும் ஆபத்துக் கருவியும் என் சட்டைப் பையிலேயே இருக்கின்றன; நாள்தோறும் மாலை 6 மணிக்குச் செயற்கைக்கோள் தொலைபேசியில் வீட்டுக்கு ஒரு சொல் போகிறது. திட்டத்தாளின் கடைசி வரியை நான் எழுதுவதில்லை. புறப்படும் நாளில் என் மனைவியிடம் சிவப்புப் பேனாவைக் கொடுக்கிறேன். "எப்போது வருவீர்கள்?" என்று கேட்டு, நான் சொன்ன நேரத்தை அவளே எழுதுகிறாள். அதன்பின் அது நான் அவளுக்குத் தந்த வாக்காகிவிடுகிறது.

வாசிக்கும் அன்பர்களே, நம்மில் பலர் பாழ்நிலத்துக்குப் போவதில்லை. எனினும் ஒவ்வொருவரும் ஏதோ ஒன்றைத் தேடித் தலைகுனிந்து நடந்துகொண்டுதான் இருக்கிறோம். அவ்வப்போது நின்று, காதில் மாட்டியிருப்பதைக் கழற்றிப் பார்ப்பது நல்லது. நமக்காக யாரோ நெடுநேரமாக ஒலி எழுப்பிக்கொண்டிருக்கலாம்.