பனியோடு மல்லுக்கட்டும் கிழட்டு டிராக்டர்

குளிர்காலம் தொடங்கினால் பஃபலோவாசிகள் வானத்தைவிட ஏரியைத்தான் கவனிக்கிறார்கள். ஈரி ஏரி உறையாத வரை, அதன்மீது வீசும் குளிர்காற்று ஈரத்தை அள்ளிவந்து இந்த அமெரிக்க நகரில் பனியாகக் கொட்டும். 2014 நவம்பரில் புறநகர்களில் கொட்டியது ஐந்தடிக்கும் மேல்.

வீட்டுக் கொட்டகையில் கிடக்கும் பழைய புல்வெட்டும் டிராக்டருக்கு அப்போது மறுபிறவி. முன்னால் இரும்புத் தகடு, பின்சக்கரங்களில் சங்கிலி, பாரத்துக்கு மணல் மூட்டை. பழைய வண்டியின் கனமே அதன் பலம். ஆனால் பனி முழங்கால் அளவு சேர்ந்துவிட்டால் சக்கரம் சுழலும், வண்டி நகராது. நள்ளிரவானாலும் விழ விழத் தள்ளியாக வேண்டும்.

மண்வாரியால் பனி அள்ளி மாரடைப்பில் சாய்பவர்கள் ஒவ்வொரு குளிர்காலத்திலும் உண்டு. வயதானவர்களுக்கு அந்தக் கிழட்டு வண்டி வெறும் சிக்கனமல்ல, ஆயுள் காப்பீடு.